தவளைக்கொல்லி அன்று, கலயவுருப் பூஞ்சை

மலையோர ஓடைகளில் தவளை நோயைக் கண்காணிக்கப் புறப்படும் தன்னார்வலர்களுக்காக அண்மையில் குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் நடந்த பயிற்சியில், ‘தவளைக்கொல்லிப் பூஞ்சை’ என்ற தொடரை மறுபடியும் கேட்டேன். அந்நோயைத் தரும் கைட்ரிட் பூஞ்சைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கைட்ரிட் என்பது சிறுபானையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. வித்துகள் நிறைந்த அதன் உறுப்பு பானை போலிருக்கும். வாய் திறந்ததும் வித்துகள் நீரில் நீந்திப் போகும். தவளைத் தோலில் வளரும் இனத்துக்கு 1999-இல் அறிவியற்பெயர் இட்டனர்.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என்று ‘கொல்லி’ இன்று கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்துக்கே உரிய ஈறாகிவிட்டது. ஆட்கொல்லிப் புலி என்கிறோமே எனலாம். புலியை யாரும் மருந்தென்று மயங்குவதில்லை. நாஞ்சில் நாட்டு உழவரிடம் போய், “உங்கள் வாய்க்காலில் தவளைக்கொல்லி இருக்கிறதா என்று பார்க்க வந்தோம்” என்றால், தாம் தெளித்த மருந்தைக் குறைசொல்ல வந்தவர்கள் என்றே அவர் நினைப்பார்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு: பூஞ்சை இருந்தாலே தவளை செத்துவிடும் என்று அப்பெயர் எண்ணவைக்கிறது. பஞ்சுக்குச்சியால் தவளையின் தோலைத் தடவி மரபணுச் சோதனைக்கு அனுப்புவது, நோய்க்குறி இல்லாத உயிரிலும் பூஞ்சை உள்ளதா என்று அறியத்தான். இப்பூஞ்சை பற்றி வளரும் கெரட்டின் என்னும் கடினப் புரதம் தலைப்பிரட்டையில் வாய்ப்பகுதியில் மட்டுமே இருப்பதால் பூஞ்சையும் அங்கேயே தங்குகிறது. உருமாறிய பின்பே தோல் முழுதும் பரவி, உடலின் உப்புச் சமநிலை குலைந்து, இதயம் நிற்கிறது. அமெரிக்கக் காளைத்தவளையோ அதைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் நலமாக வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இப்பூஞ்சை கண்டறியப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவும் மத்திய அமெரிக்காவும் கண்ட கொத்துச்சாவு இங்கே பதிவாகவில்லை. கொல்லி என்று பெயரிட்டுவிட்டால், துள்ளி ஓடும் தவளையிடம் அதைத் தேட யாருக்குத் தோன்றும்? ஆங்கிலச் செய்தித்தாள்கள் பரபரப்புக்காகச் சூட்டிய பட்டப்பெயரை, வேர்ச்சொல்லை ஒருமுறையும் புரட்டிப் பாராமல் கலைச்சொல்லாக்குவது நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்ட பழக்கம், வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

பனம்பாளையில் கட்டி அக்கானி என்னும் பதநீர் இறக்கும் கலயத்தை அறியாதவர் இம்மாவட்டத்தில் இலர். வித்துகளை உள்ளே சேர்த்து வாய்வழி வெளிவிடும் உறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ‘கலயப் பூஞ்சை’ என்றால் கலயத்தில் படிந்த பூசணம் என்று மயங்க இடமுண்டு. ஆகவே எழுத்தில் ‘கலயவுருப் பூஞ்சை’ என்பதே தெளிவு. பதிவுப் படிவத்தில் அப்பெயருக்கு நேரே உண்டு, இல்லை என்று மட்டும் குறிக்கட்டும். இறந்து கிடந்த தவளைகளின் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் இருக்கட்டும்.