டோ பாருக்குத் தமிழ்: பட்டியா, சட்டமா?

கெப், ஜீப்புக்கு விக்கிற சாமான்களோட தமிழ் விளம்பரத்துலயும் பெட்டிக்குள்ள வர்ற விளக்கத் தாள்லயும் 'கனரக இழுவைப் பட்டி'னு ஒரு சொல் இப்ப எங்க பார்த்தாலும் கிடக்கு. டோ பாரைத்தான் அப்படிச் சொல்றாங்க. ஒருத்தர் போட்டதை அடுத்தவர் பார்த்து எழுதி, அதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதி, இதுதான் சரியான தமிழ்னு சாதிக்கிற அளவுக்கு வந்தாச்சு. இது பிழை. தமிழ் சுத்தமா இருக்கணும்ங்கிறதுக்காக மட்டும் சொல்லல, இந்தச் சொல்லை நம்பி ஒருத்தர் வேலை செஞ்சா உயிருக்கே ஆபத்து வரலாம்.

சாமான் என்னன்னா, வாகனத்தோட பின் பம்பருக்குக் கீழ சேஸியோட ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்குற ஒரு இரும்புச் சட்டகம். நடுவுல ஒரு குமிழ் நிக்கும், ட்ரெய்லரோட முன் மூக்கு அதுமேல வந்து உக்காரும். பொல்கொட வாவிப் பக்கம் போட் ஏத்தின ட்ரெய்லரை இழுத்துட்டுப் போற வாகனங்கள்ல பார்க்கலாம். டோன்னா இழுக்கிறது, பழைய ஆங்கிலத்துல 'டோகியன்'னு இருந்த வினை. பார் பிரெஞ்சு வழியா வந்த சொல், தண்டு, கம்பி, குறுக்குச் சட்டம்னு பொருள். சொல் பிறப்பு அவ்வளவுதான், அதுல யாருக்கும் சண்டை இல்ல.

சண்டை பட்டியிலதான். நம்ம ஊர்ல பட்டின்னா என்ன? கார்ல ஏறினா போடுறது ஆசனப்பட்டி, காற்சட்டைக்குக் கட்டுறது இடுப்புப் பட்டி, வன்னிப் பக்கம் போனா மாட்டுப் பட்டி. மாட்டுப் பட்டிய விட்டுட்டா மிச்சமெல்லாம் வளையுற, மடிக்கக்கூடிய சாமான். அப்ப 'இழுவைப் பட்டி'னு வாசிக்கிற கொழும்புத் தமிழருக்கு மனசுல என்ன வரும்? சேத்துல புதைஞ்ச வாகனத்தை இழுத்தெடுக்கிற நைலோன் ஸ்ட்ரப்தான் வரும், வேற ஒண்ணும் வராது. அந்த ஸ்ட்ரப்பும் இந்த டோ பாரும் ஒரே கடையில ஒரே தட்டுல பக்கத்துப் பக்கத்துல தொங்குது, அதுதான் பிரச்சினையே.

இதுல முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. இழுபட்டு நீண்டு திரும்பச் சுருங்குற ஸ்ட்ரப்பை டோ பார்ல இருக்கிற குமிழ்ல மாட்டி வாகனத்தை இழுக்கவே கூடாது. குமிழ் ட்ரெய்லரை ஒரே சீரா இழுக்கிறதுக்குச் செஞ்சது, திடீர்னு வர்ற உலுக்கலுக்கு இல்ல. அது முறிஞ்சா ஸ்ட்ரப்போட சேர்ந்து கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ள வரும், ஆஸ்திரேலியாவுல இப்படி ஆட்கள் செத்திருக்காங்க. அதனால அந்த எச்சரிக்கை தாள்ல கட்டாயம் இருக்கணும். இப்ப அதை இவங்க சொல்லை வச்சுத் தமிழாக்கிப் பாருங்க, குமிழுக்கு இவங்க போடுறது பந்து: 'இழுவைப் பட்டியை இழுவைப் பந்தில் இணைக்க வேண்டாம்.' டோ பாரும் இழுவைப் பட்டி, ஸ்ட்ரப்பும் இழுவைப் பட்டி, எதை எதுல மாட்டக்கூடாதுன்னு யாருக்கு விளங்கும்? பந்துதான் ஏற்கனவே பட்டியில பூட்டியிருக்கேன்னு நினைச்சு அந்த வரியைத் தாண்டிப் போயிடுவாங்க.

பட்டிக்கு வக்காலத்து வாங்குறவங்க சொல்ற நியாயம், பார்ன்னா பட்டை, பட்டைதான் பட்டியாச்சு, தட்டை இரும்பைத் தமிழ்நாட்டுல பட்டைன்னுதானே சொல்றாங்கன்னு. சரி, தட்டையா இருக்கிறதைப் பட்டைன்னு சொல்லுங்க, நான் மறுக்கல. ஆனா ஹெவி டியூட்டி டோ பார் தட்டை இரும்பு இல்லையே. அதுல பெரும்பாலும் குறுக்க ஒரு கனமான குழாய், நடுவுல 2 அங்குலச் சதுரப் பொந்து, அந்தப் பொந்துக்குள்ள குமிழ் தாங்குற துண்டைச் செருகி, கழராம இருக்கக் குறுக்க ஒரு இரும்பு ஊசி போடுறது. தட்டையும் இல்ல, வளையவும் வளையாது. அகராதியில ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நேர பத்துச் சொல் இருக்கும், சாமானைக் கண்ணால பார்க்காம மேசையில இருந்துகொண்டு அதுல ஒண்ணை எடுத்து வச்சா இப்படித்தான் வரும். வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருந்தாலே போதும்.

'கனரக'வும் அதே கதைதான். நம்ம நாட்டுல கனரக வாகனம்னா பெரிய லொறி, பஸ். கனரக இழுவைப் பட்டின்னா லொறிக்கு உரியதுன்னு நினைச்சு டபள் கெப் வச்சிருக்கிறவர் அதைத் தொடாம விட்டுடுவார், உண்மையில அது அவருக்குத்தான் செஞ்சது. ஹெவி டியூட்டிங்கிறது வாகனத்தோட பாரத்தைச் சொல்லல, சாமான் தாங்குற வேலையைச் சொல்லுது. நமக்குப் பாவனைன்னு அருமையான ஒரு சொல் இருக்கு, 'கடும்பாவனை'ன்னா எல்லாருக்கும் விளங்கும்.

அப்ப டோ பாருக்கு என்ன சொல்றது? நான் சொல்றது இழுசட்டம். கதவுச் சட்டம், படச்சட்டம், சேஸிக்கு அடிச்சட்டம்னு சட்டம் ஏற்கனவே நம்மகிட்ட இருக்கு, வளையாத, தாங்கி நிக்கிற சாமானுக்கெல்லாம் அதுதான் சொல். சட்டம்னா பாராளுமன்றச் சட்டம்னு நினைப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார், படச்சட்டத்தைப் பார்த்து யாரும் அப்படி நினைச்சதில்ல. 'இழுவைச் சட்டம்'னு ஏன் போடலன்னா, இழுவைக்கு ஏற்கனவே வேலை நிறைய. ஏ.எல். பௌதிகவியல்ல இழையில வர்ற விசை இழுவை, செய்தியில இழுவைப் படகு, இழுவை மடின்னு மீன்பிடி. இழுசட்டம் வினைத்தொகை, இழுத்த, இழுக்கிற, இழுக்கும் சட்டம், இடையில ஒற்றும் மிகாது, வாயிலயும் லேசா வருது. அமெரிக்காவுல டோ பார்ன்னா ரெண்டு வாகனத்துக்கு நடுவுல போடுற தண்டு, நாம சொல்ற சாமானை அவங்க ஹிட்ச்ங்கிறாங்க. கட்டுநாயக்கவுல விமானத்தோட முன் சில்லையும் இழுக்கிற வண்டியையும் சேர்க்கிறதுக்கும் டோ பார்ன்னுதான் பேர். அந்தத் தண்டுகளுக்கு இழுதண்டுன்னு சொன்னா ஆங்கிலத்துல இருக்கிற குழப்பம்கூட தமிழ்ல வராது. ஸ்ட்ரப்புக்கு இழுபட்டி, பட்டிங்கிற சொல் அங்கதான் சரியா உக்காருது.

குமிழைப் 'பந்து'ன்னு போடுறது எனக்குப் பொறுக்கல, பந்து உருளும், இது உருளாது. ஆங்கிலத்துல 'ரிசீவர்'ங்கிற சதுரப் பொந்தை ஒரு தாள்ல 'பெறுநர்'னு போட்டிருந்தாங்க, கடிதத்துல மேல எழுதுற அதே பெறுநர். இதை விடப் பெரிய பிழை 'இழுவைக் கொள்ளளவு 3,500 கிலோ'. கொள்ளளவு தண்ணித் தாங்கிக்கு. இங்க சொல்ல வேண்டியது இழுக்கக்கூடிய உச்ச நிறை, அதுவும் இழுசட்டத்துல அடிச்சிருக்கிற எண்ணை மட்டும் பார்த்துப் போதாது, வாகனத்துக்குச் சொன்னது, இழுசட்டத்துக்குச் சொன்னது, குமிழுக்குச் சொன்னது, இந்த மூணுல எது குறைவோ அதுதான் கணக்கு. குமிழ் மேல கீழ்நோக்கி அழுத்துற நிறையும் வேற, ட்ரெய்லர் நிறையில பத்துல ஒரு பங்கு அளவுனு பொதுவா சொல்லுவாங்க, 1,500 கிலோ ட்ரெய்லர்னா 150 கிலோ. ஆங்கிலத்துல அது 'டங் வெயிட்', அதை அப்படியே 'நாக்கு எடை'னு எழுதி வச்சா வாசிக்கிறவர் என்னத்தை அளக்கிறது? மொழிபெயர்க்கிறவங்களுக்கு நேரம் குடுக்கிறதில்ல, சாமானைக் காட்டுறதில்ல, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பிறகு மிச்சமா இருக்கிற இடத்துல தமிழைத் திணிக்கிறாங்க, எனக்கு அது தெரியும். ஆனாலும் கராஜ்ல வேலை செய்ற ஒரு தமிழ் மெக்கானிக் பாஸ்கிட்டக் காட்டி 'இது விளங்குதா'னு கேட்க எவ்வளவு நேரம் போகும்? கதைக்கிறப்ப டோ பார்னே சொல்லுங்க, அதுல ஒரு குறையும் இல்ல, பிழையான தமிழை விட அது எவ்வளவோ மேல்.

வினைச்சொல்லையும் விட்டுவைக்கல. தாள்ல 'நிறுவுங்கள்'னு போடுறாங்க. நிறுவுறது சிலையை, நிறுவனத்தை. நாம சொல்றது பூட்டுறது, வண்டியில மாடு பூட்டுற அதே பூட்டு. எப்படிப் பூட்டணும்ங்கிறதுதான் அந்தத் தாளுக்கே உயிர், ஓட்டை சரியா வரலன்னா சேஸியோட வெல்டிங் பண்ணி ஒட்டுற பழக்கம் இங்க இருக்கு, அந்தச் சூட்டுல சேஸி இரும்பு பலம் இழந்து பிறகு வெடிப்பு விடலாம். போல்ட்தான் போடணும், டோர்க் ரெஞ்சால சொன்ன அளவுக்கு இறுக்கணும். கடைசியா நான் பார்த்த தாள்ல ஆங்கிலப் பக்கத்துல வெல்டிங் பண்ண வேண்டாம்னு பெரிய எழுத்துல இருந்துச்சு, தமிழ்ப் பக்கத்துல அந்த வரியே இல்ல.