விமானம் நின்ற பிறகும் மாஸ்க் மூக்கின் மேலேயே இருக்கட்டும்

கோவிடால் 2020 மார்ச் 25 அன்று நின்றுபோன உள்நாட்டு விமான சேவை மே 25 அன்று மறுபடி தொடங்கியபோது, நுரையீரல் மருத்துவர்களிடம் பலர் கேட்ட கேள்வி: “பூட்டிய விமானத்துக்குள் எல்லோரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்?”

பயப்படும் அளவுக்கு இல்லை. பெரிய ஜெட் விமானங்களில் கேபின் காற்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளிக்காற்று. மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்பி வருவது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். சிறிய டர்போபிராப் (சுழலி விசிறி கொண்ட) விமானங்கள் எல்லாவற்றிலும் ஹெப்பா இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஹெப்பா இருந்தாலும், பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் அந்தக் காற்று வடிகட்டிக்குப் போகும் முன்பே உங்களை எட்டிவிடும். மாஸ்க் அதற்குத்தான்.

கவனம் சிதறுவது தரையில். ஏறும் வரிசை, நெரிசலான பேருந்து, ஏ.சி. சரியாக ஓடாமல் நிற்கும் விமானம் ஆகிய இடங்களில் காற்றோட்டம் குறைவு, நெருக்கம் அதிகம். தரை தொட்டதும் எல்லோரும் எழுந்து, மாஸ்க்கை இறக்கி, “இறங்கிட்டேன்” என்று போனில் பேசுகிறார்களே, அந்தப் பத்து நிமிடம் மோசமானது. செய்தியாக அனுப்பினால் போதாதா?

மாஸ்க் வாங்கும்போது வால்வு வைத்ததைத் தவிருங்கள். வெளிவிடும் மூச்சை அது வடிகட்டாது. என்95 வகை மாஸ்க் இந்தியத் தயாரிப்பென்றால் ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர எண், எஃப்.எஃப்.பி.2 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். அணிந்ததும் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, மாஸ்க்கின் மேல் கை வைத்து வேகமாக ஊதுங்கள். கண்ணுக்கருகே காற்று பட்டாலோ கண்ணாடி பனித்தாலோ கம்பி சரியாகப் படியவில்லை. தாடி இருந்தால் எந்த என்95-ம் முழுதாக ஒட்டாது. ஈரமானால் மாற்ற, கைப்பையில் உபரியாக இரண்டு வையுங்கள். ஃபேஸ் ஷீல்டை மட்டும் மாட்டிக்கொண்டு மாஸ்க்கைக் கழற்றுவது வீண்.

பாதுகாப்புச் சோதனையில் முகத்தைக் காட்டச் சொன்னால், காதுப் பட்டையைப் பிடித்து இறக்குங்கள். அந்த நேரத்தில் பேச வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்து மாஸ்க் போட்ட பிறகு உங்கள் சாப்பாட்டைப் பிரியுங்கள். ஆக்சிஜன் முகமூடி மேலிருந்து விழுந்தால் முதலில் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். அதன் மேலேயே மாட்டக் கூடாது.

கோவிட் காலத்தில், விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் 2021 மார்ச் சுற்றறிக்கைப்படி, திரும்பத் திரும்ப எச்சரித்தும் மாஸ்க்கைச் சரியாக அணியாதவரைக் கிளம்பும் முன்பே இறக்கிவிட முடிந்தது. வானில் அடம்பிடித்தவர் கட்டுக்கடங்காத பயணியாகக் கருதப்பட்டார்.

மாஸ்க்கால் ஆக்சிஜன் குறையும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உண்மையில் குறைவது, கேபின் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவதால். அந்த அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு இறங்கக்கூடும். உடல்நலம் உள்ளவர் பெரும்பாலும் அதை உணர மாட்டார். கோவிட் நிமோனியாவிலிருந்து அண்மையில் மீண்டவருக்கும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கும் வீட்டிலேயே ஆக்சிமீட்டர் 92 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், டிக்கெட் எடுக்கும் முன் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். பயணத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டால் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும்; விமான நிலையத்துக்கு வந்து கேட்டால் கிடைக்காது.