செய்தித்தாளில் சுற்றி வந்த பேய்

லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா, கைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். மகளிடமிருந்து ஏதோ பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். புதுச்சேரியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசகராக இருந்தால் புத்தி அப்படித்தான் போகும். பிரித்துப் பார்த்தால் ஒரு கிராஃபிக் நாவல்.

"மேடம், எட்டாவதுதான் படிக்கிறா. ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டு இதைத்தான் பார்க்கிறா. அட்டையிலேயே பேய் இருக்கு. சாமி படம் மாட்டியிருக்கிற வீட்ல இதை வச்சுக்கலாமா?"

"வச்சிட்டுப் போங்கம்மா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படிக்காத புத்தகத்துக்கு நான் தீர்ப்பு சொல்வதில்லை. படக்கதைதானே, இரண்டு மணி நேரம் போதும். பெற்றோர்களே படித்துவிடலாம். ஆனால் யாரும் படிப்பதில்லை.

வேரா ப்ரோஸ்கால் எழுதி வரைந்த 'அன்யாஸ் கோஸ்ட்' அது. அமெரிக்காவில் 2011இல் வந்தது. மறு ஆண்டே, படக்கதைகளுக்குத் தரும் ஐஸ்னர் விருதைப் பதின்வயதினருக்கான பிரிவில் வாங்கியது. அன்யா ரஷ்யாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண். தன் உடம்பைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் அவளுக்குக் கூச்சம். ஒருநாள் பாழடைந்த கிணற்றில் விழுகிறாள். உள்ளே ஒரு எலும்புக்கூடு, தொண்ணூறு வருடமாகத் தனியாக இருக்கும் எமிலி என்ற பேய். சின்ன எலும்பு ஒன்று அன்யாவின் பையில் வந்துவிட, பேயும் கூடவே வந்துவிடுகிறது. பரீட்சையில் விடை சொல்லிக் கொடுக்கிறது. பிடித்த பையனைப் பற்றித் துப்பு கொண்டுவருகிறது. யாருக்குத்தான் கசக்கும்?

இதற்கு மேல் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும். பெற்றோருக்காகச் சொல்கிறேன், பிள்ளைகள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எமிலி தன் சாவைப் பற்றிச் சொன்ன சோகக்கதை பொய் என்று அன்யா கண்டுபிடிக்கிறாள். அதற்குள் எமிலி உதவி செய்வதை விட்டுவிட்டு, இவள் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு போடத் தொடங்கிவிடுகிறாள். ஆக, பேய் வேடத்தில் வருவது ஆட்டிவைக்கும் தோழி. அப்படிப்பட்ட தோழிகளின் கதையை வாரத்துக்கு ஒன்றாவது என் அறையில் கேட்கிறேன். என்ன, அவர்களுக்குக் கால் தரையில் பாவும்.

அன்யா சிகரெட் பிடிக்கிறாள், வகுப்புக்கு மட்டம் போடுகிறாள். ஒரு பார்ட்டி வருகிறது, பழைய கொலை ஒன்றும் கடைசியில் கொஞ்சம் திகிலும் உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம், எட்டு வயதுத் தம்பி கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பேயை விடுவதாயில்லை. "சின்ன வயசுல அம்புலிமாமா படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். படித்திருக்கிறார். 1947இல் தொடங்கிய பத்திரிகை. முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் நடந்தபடியே இருந்தான். அதை யாரும் செய்தித்தாளில் சுற்றி ஒளித்து வைக்கவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

படக்கதை மீது பெரியவர்களுக்குச் சந்தேகம் இன்று வந்ததல்ல. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் துரத்தினார்கள். 1956இல் இளையோருக்குக் கேடான வெளியீடுகள் பற்றி நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. இப்போது சினிமாவுக்கு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று பிரிந்திருக்கிறது. புத்தகத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் வரும் சில மாங்காக்களின், அதாவது ஜப்பானியப் படக்கதைகளின், அட்டையில் 'டி' என்றால் பதின்வயது, 'டி ப்ளஸ்' என்றால் பதினாறுக்கு மேல் என்று பதிப்பாளரே போடுகிறார். பார்த்துக்கொள்ளுங்கள், உதவும். ஆனால் ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் எடைபோட்டுக் கொடுக்கும் எண் அது. உங்கள் பிள்ளை எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொள்வாள் என்பது அதில் தெரியாது.

படக்கதை சினிமாவைப் போல ஓடிப்போவதில்லை. படக்கதை எப்படி வேலை செய்கிறது என்று படக்கதையாகவே விளக்கிய அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் ஒரு எடுத்துக்காட்டு வரைந்தார். ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி, அடுத்த கட்டத்தில் நகரத்துக்கு மேலே ஒரு அலறல். வெட்டு விழுவதை அவர் வரையவே இல்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் வெட்டியது படித்தவர்தான். எவ்வளவு பலமாக, எத்தனை முறை என்பதும் படிப்பவர் கையில். அதனால் நான் பிள்ளைகளிடம் "பயமா இருந்துச்சா?" என்று கேட்பதில்லை. "எந்தப் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னே?" என்பேன்.

அந்தப் பெண் அடுத்த வாரம் வந்தாள். புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் பேய் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு நேராக ஆரம்பத்துக்குப் போனாள். அம்மா சுட்டுத் தரும் பலகாரத்தை, குண்டாகிவிடுவோம் என்று அன்யா ஒதுக்குகிற இடம். "இங்கதான் மேம்." மூன்று மாதமாக அவளுடைய மதிய டிபன் பள்ளி வாசலில் நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அந்த அம்மா பயந்தது கிணற்றுப் பேய்க்கு. (இங்கே நான் சொல்கிற பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

பேய் மர்மக் கதைகளில் நான் உண்மையிலேயே கவலைப்படுகிற வகை ஒன்று உண்டு. அதில் ரத்தமே இருக்காது, அழகாகக்கூட இருக்கும். இறந்துபோன பெண்தான் நாயகி. தன் சாவுக்கு எல்லாரும் அழுவதைப் பார்க்கிறாள், கொடுமை செய்தவர்கள் தலைகுனிவதைப் பார்க்கிறாள், உயிரோடு இருந்தபோது கிடைக்காத பாசம் இப்போது கிடைக்கிறது. நல்ல மனநிலையில் இருக்கும் பிள்ளை கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடும். 'நான் இல்லைன்னா தெரியும்' என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, செத்த பிறகும் இருந்து பார்க்கலாம் என்று அந்தக் கதை சொல்வதுபோல் ஆகிவிடும். நெருக்கடியிலிருந்து மீண்டவரைக் காட்டும் கதைகள் ஆளைப் பிடித்து நிறுத்தக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மொசார்ட்டின் ஓபராவில் வரும் ஒரு பாத்திரத்தை வைத்து அதற்குப் 'பாப்பகேனோ விளைவு' என்று பெயர். ஆகவே, அந்த வகைப் புத்தகத்தையே பிள்ளை திரும்பத் திரும்பப் படித்து, தூக்கமும் குறைந்து, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டால், புத்தகத்தைப் பிடுங்குவதோடு நிறுத்தாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

செத்தவர் கூடவே இருக்கிறார் என்கிற அதே உத்தி, இன்னொரு பிள்ளையிடம் வேறு வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் வீட்டுப் பையன், ஒன்பதாவது. பேய் படக்கதை தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவனுடைய அத்தை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, இவன் பிறக்கவே இல்லை. உடல் கிடைக்கவில்லை. போட்டோவும் இல்லை, எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பேய்க் கதையில் மட்டும்தான் செத்தவர்கள் பேசுகிறார்கள் என்றான்.

நோட்டைக் கொடுத்து, நீயே நாலு கட்டம் வரை என்றேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் கட்டுமரத்தில் உட்கார்ந்து இவனோடு பேசிக்கொண்டிருப்பதாக வரைந்தான். அடுத்த முறை அப்பா வந்தபோது நோட்டு மேசையில் திறந்தபடியே கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சடை தப்புடா" என்றார் மகனிடம். "அவ ஒத்தைச் சடைதான் போடுவா."