ஒரு செல், ஒரு புள்ளி: எலிஸ்பாட் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது?

“டிபி எலிஸ்பாட் பாசிட்டிவ்னு வந்திருக்கு, உடனே மருந்து ஆரம்பிக்கணுமா?” ரிப்போர்ட் வந்ததும் பலர் கேட்பது இதைத்தான். எலிஸ்பாட் என்பது, ஒரு பொருளைச் சுரக்கும் செல்களைத் தனித்தனிப் புள்ளிகளாக எண்ணும் பரிசோதனை. பதில் சொல்லுமுன் அந்த எண் என்னவென்று தெரிய வேண்டும். அது இரத்தத்தில் கலந்திருக்கும் ஒரு பொருளின் அளவு அல்ல. காசநோய்க் கிருமியின் புரதத்தைக் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்த டி செல்கள் (ஒரு வகை வெள்ளணு) எத்தனை என்ற எண்ணிக்கை.

டி செல் இன்டர்ஃபெரான் காமாவை முன்கூட்டியே செய்து வைத்திருப்பதில்லை. தனக்குரிய கிருமித் துண்டை இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அடையாளம் கண்ட பிறகே ஜீன் இயங்கி, புரதம் உருவாகி, செல்லுக்குள் இருக்கும் கோல்கி என்ற உறுப்பு வழியாக வெளியேறுகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை செல் உயிரோடு இருந்தாக வேண்டும். ஆன்டிபாடி தயாரிக்கும் பிளாஸ்மா செல் வேறு ரகம். நொடிக்கு ஆயிரக்கணக்கான ஆன்டிபாடி மூலக்கூறுகளை, புதிய தூண்டுதல் எதுவும் இல்லாமலே வெளியேற்றிக்கொண்டிருக்கும். 1983-இல் செர்கின்ஸ்கி குழுவினரும், செட்ஜ்விக்–ஹோல்ட் இருவரும் தனித்தனியே எலிஸ்பாட் முறையை வெளியிட்டது இத்தகைய ஆன்டிபாடி சுரக்கும் செல்களை எண்ணத்தான். முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு பி செல்கள் சும்மா இருக்கும்போது ஆன்டிபாடி சுரக்காது. சில நாள் வளர்த்துத் தூண்டிய பிறகே அவற்றை எண்ண முடியும். அதைச் செய்யாமல் புள்ளி இல்லை என்பதால் தடுப்பூசி பலிக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எலிசா என்ற, ஒரு பொருளின் மொத்த அளவைப் பார்க்கும் பரிசோதனையில் எல்லாச் செல்களும் சுரந்தது ஒரே திரவத்தில் கலந்துவிடுகிறது. எலிஸ்பாட்டில் பிளேட்டிலுள்ள சிறு குழியின் அடிச் சவ்வில், சுரப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி முதலிலேயே பூசப்பட்டிருக்கும். செல் சுரந்ததும், அது பரவிக் கலக்குமுன், செல்லைச் சுற்றியே பிடிபட்டுவிடும். பிறகு செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, நிறமேற்றும் என்சைம் சேர்த்தால், செல் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி. ஒரு குழியில் போடுவது 2,50,000 வெள்ளணுக்கள். அதில் ஐந்தாறு செல்கள் மட்டுமே பதில் கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும். இதுதான் இந்த முறையின் பலம்.

கோளாறுகள் பெரும்பாலும் இரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாய்தான் வேண்டும். இடிடிஏ என்ற இன்னொரு உறைதடுப்பான் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் டி செல் சரியாகத் தூண்டப்படாது. பழக்கத்தில் குழாயை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். வைக்கவே கூடாது, அறை வெப்பநிலைதான். பதப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்தாக வேண்டும். தாமதமானால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களும் பிரித்தெடுக்கும் அடுக்கில் கலந்து டி செல்லின் சுரப்பைக் குறைத்துவிடும். பாசிட்டிவ் ஆக வேண்டியது நெகட்டிவ் ஆகும்.

லேபில் செல்களை எண்ணாமல் தோராயமாகப் போட்டால் முழுப் பரிசோதனையும் வீண். உயிருள்ள செல்களை மட்டும் எண்ணிப் போட வேண்டும். பிறகு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 16 முதல் 20 மணி நேரம். இடையில் இன்குபேட்டர் கதவைத் திறந்து பிளேட்டை நகர்த்தினால் செல்கள் உருண்டு, புள்ளிகள் வால் முளைத்து மங்கிப் போகும். பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சூடு சமமாகப் போய்ச் சேராது. நிறமேற்றும் கட்டத்தில் கூடுதல் நேரம் விட்டால் பின்னணியே கறுத்துவிடும்.

ரிப்போர்ட்டில் நான்கு குழிகள் இருக்கும். கிருமிப் புரதம் போடாத வெறுங்குழி, இஎஸ்ஏடி-6, சிஎஃப்பி-10 என்ற இரு புரதங்களுக்கான குழிகள், எந்த டி செல்லையும் தூண்டும் கட்டுப்பாட்டுக் குழி. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் அந்த இரு புரதங்களும் கிடையாது. அதனால் தடுப்பூசி போட்டவருக்கும் குழப்பம் வராது. வெறுங்குழியைவிட 6 புள்ளிகளோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். அமெரிக்காவில் வரம்பு 8. வெறுங்குழியிலேயே 10-க்கு மேல் புள்ளி வந்தாலும், கிருமிப் புரதக் குழிகள் பாசிட்டிவ் ஆகாத நிலையில் கட்டுப்பாட்டுக் குழியில் 20-க்குக் கீழே இருந்தாலும் முடிவு செல்லாது. செல்லாததை நெகட்டிவ் என்று படிப்பதுதான் நாங்கள் அதிகம் அஞ்சும் தவறு. ஸ்டீராய்டு எடுப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்குத்தான் இப்படி வர வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

பாசிட்டிவ் என்றால் அந்தக் கிருமியை உடலின் டி செல்கள் முன்பே சந்தித்திருக்கின்றன, அவ்வளவே. கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று புள்ளியால் சொல்ல முடியாது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருப்பவருக்கு வேண்டியது எக்ஸ்ரேயும் சளியில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும். காசநோயை ஆன்டிபாடி வைத்துக் கண்டுபிடிக்கும் இரத்தக் கிட்டுகள் வேறு. அவற்றை நம்ப முடியாது என்று 2012-இல் இந்திய அரசு தடையே விதித்தது. யாராவது இன்றும் அதை எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். எலிஸ்பாட் முடிவு செல்லாது என்று வந்திருந்தால், புதிதாக இரத்தம் எடுத்து, காலையிலேயே, லேபுக்கு நேராகக் கொண்டு போய்க் கொடுங்கள்.