41 மடங்கு வீங்கிய ஃபோல்டர்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன். "அண்ணா, ஃபோல்டர் சைஸ் கணக்குப் பண்ற ஸ்கிரிப்ட் 8,200 ஜிபின்னு காட்டுது. டிஸ்க்கே மொத்தம் 500 ஜிபிதான்." நான் வாயைத் திறக்கும் முன்பே நோயையும் அவரே சொல்லிவிட்டார்: "ரிகர்ஷன் ஓவர்ஃப்ளோ ஆகுது போல. லிமிட்டை 10,000 ஆக்கிப் பார்த்தேன், அப்பவும் அதேதான்."

இந்த வருஷத்தில் இது நான்காவது. பொறுமை போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுவது, பாவம், அதை விட்டுவிடுங்கள். கல்லூரியில் ஃபேக்டோரியல் நடத்தும்போதே "ஸ்டாக் (முடியாத ஃபங்ஷன்களை நினைவில் வைக்கும் இடம்) நிரம்பிடும்" என்று பயமுறுத்தி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் இடத்தில் எது கெட்டாலும் பழி அதன் மேல்தான். அவர் ஸ்கிரிப்ட் எழுதிய பைத்தான் மொழியில் இப்படிக் கூப்பிட வழக்கமான எல்லை 1000 அடுக்கு. அதைத் தாண்டினால் 'ரிகர்ஷன் எர்ரர்' என்று கத்திக்கொண்டு புரோகிராம் விழும். தப்பான கூட்டுத்தொகையைக் கொடுத்துவிட்டு அமைதியாக முடியாது. உங்கள் ஃபோல்டர்கள் எத்தனை அடுக்கு ஆழம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எதுவும் 30 அடுக்கைத் தாண்டியதில்லை. அதற்கு 1000 போதாதென்று 10,000 கேட்பது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி பிடிக்கிற கதை.

அந்த ஃபோல்டரில் உண்மையில் இருந்தது 200 ஜிபி. 8,200ஐ 200ஆல் வகுத்தால் 41. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ கைகாட்டும் குறுக்குவழி), அதே ஃபோல்டரைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஸ்கிரிப்ட்டோ "இது ஃபோல்டரா?" என்று பைத்தானின் ஓஎஸ்.பாத்.இஸ்டிர் ஃபங்ஷன் மூலம் கேட்கிறது. அது லிங்க்கின் வழியே போய்ப் பார்த்து "ஆமாம்" என்கிறது. உள்ளே நுழைந்தால் அதே ஃபைல்கள், அதே லிங்க், மறுபடியும் "ஆமாம்". லினக்ஸ் ஒரு பாதையில் 40 சிம்லிங்க் வரைதான் பின்தொடரும், 41ஆவதில் மறுத்துவிடும். அந்த மறுப்பையும் இஸ்டிர் விழுங்கிவிட்டு "ஃபோல்டர் இல்லை" என்று சொல்லிவிடும். எர்ரர் எதுவும் கிடையாது. அசல் ஒன்று, லிங்க் வழியே நாற்பது, ஆக ஒவ்வொரு ஃபைலும் 41 தடவை. ஆழமும் நாற்பது சொச்சம்தான். ரிகர்ஷன் லிமிட்டின் பக்கத்தில்கூடப் போகவில்லை. இப்படி இரண்டு லிங்க் இருந்திருந்தால்? 2இன் 40ஆம் அடுக்கு, லட்சம் கோடிக்கும் மேல். ஸ்கிரிப்ட் முடியவும் முடியாது, எர்ரரும் கொடுக்காது.

"அந்த லிங்க்கை யாருமே போடலையே அண்ணா" என்றார். போட்டது, புதுப் பதிப்பை சர்வரில் ஏற்றும் அவர்களுடைய டெப்லாய் ஸ்கிரிப்ட்தான். லிங்க் போடும் எல்என் (ln) கமாண்டை முதல் தடவை ஓட்டினால் லிங்க் உருவாகும். இரண்டாவது தடவை ஓட்டும்போது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் லிங்க் இருப்பதால், அதன் உள்ளே போய் இன்னொரு லிங்க்கை வைத்துவிடும். எஸ், எஃப் ஆப்ஷன்களோடு 'என்' ஆப்ஷனையும் சேருங்கள். ஒரே ஒரு எழுத்து!

கையால் எழுதிய ரிகர்ஷன் உங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து பட்டியல் தரும் பைத்தானின் ஓஎஸ்.வாக் இருக்கிறது, சும்மா விட்டால் ஃபோல்டர் லிங்க்குகளுக்குள் அது இறங்காது. "ஏதோ விட்டுப்போகுது" என்று, லிங்க்குகளுக்குள்ளும் இறங்கச் சொல்லும் ஃபாலோலிங்க்ஸ் ஆப்ஷனை ட்ரூ ஆக்காதீர்கள். போன இடத்தையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆக்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபோல்டரின் டிவைஸ் எண்ணையும் ஐநோட் எண்ணையும் (இரண்டும் சேர்ந்து ஃபோல்டரின் அடையாளம்) ஒரு செட்டில் போட்டு, பார்த்ததைத் தாண்டிப் போங்கள். ஃபைல் சைஸுக்கு ஓஎஸ்.எல்ஸ்டாட் பயன்படுத்துங்கள், ஓஎஸ்.பாத்.கெட்சைஸ் லிங்க்கின் பின்னால் போய்விடும்.

ஓஎஸ்.வாக் மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு. அனுமதி இல்லாத ஃபோல்டர் வந்தால் மூச்சுக் காட்டாமல் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். பேக்கப் சரிபார்க்கும் ஸ்கிரிப்டில் இதை நம்பி "எல்லாம் சரி" என்று மெயில் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஓஎஸ்.வாக்கின் ஆன்எர்ரர் ஆப்ஷனுக்கு ஒரு ஃபங்ஷன் கொடுங்கள், ஒரு வரி பிரிண்ட் செய்தாலும் போதும்.

இதே இஸ்டிர் வேலையைச் சைஸ் எண்ணாமல் ஃபைல் அழிக்கப் பயன்படுத்துகிறீர்களா? தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். லிங்க் வேறொரு டிஸ்க்கைக் காட்டினால் அங்கே இருப்பதும் போய்விடும். ஃபோல்டரை முழுசாக அழிக்கும் ஷுட்டில்.ஆர்எம்ட்ரீ, உள்ளே சிம்லிங்க் வந்தால் அந்த லிங்க்கை மட்டும் நீக்கும், லிங்க் காட்டும் இடத்தைத் தொடாது. அதையும் ஓட்டுவதற்கு முன், அழியப்போகும் பட்டியலை ஒரு தடவை திரையில் போட்டுப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால்: அந்த 10,000 லிமிட் வரி இன்னும் ஸ்கிரிப்டில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.