ரோமின் ஏழு ஆலயங்கள்: பழைய அச்சுப்படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

என் மேசைக்கு ஒரு பழைய அச்சுப்படம் வந்தால் முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பேன். வெட்டியிருக்கிறார்களா, டேப் ஒட்டியிருக்கிறார்களா, பின்னால் அட்டை வைத்து ஒட்டிவிட்டார்களா என்று. படம் அப்புறம்தான். காகிதச் சீரமைப்பில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஏன் என்று விளக்க, எனக்கு மிகவும் பிடித்த ஒரு அச்சுப்படத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1575-இல் ரோமில் அந்தோனியோ லாஃப்ரேரி என்ற பதிப்பாளர் வெளியிட்ட ‘ரோமின் ஏழு ஆலயங்கள்’.

1575 யூபிலி ஆண்டு, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் சிறப்பு அருள் ஆண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் காலம். ஏழு ஆண்டுகள் கழித்து நாட்காட்டியைத் திருத்தியவரும் இவரே. 1300-இல் எட்டாம் போனிஃபாஸ் தொடங்கிவைத்த வழக்கப்படி, யூபிலி ஆண்டில் பரிபூரண பலன் (பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெற மக்கள் திரள்திரளாக ரோமுக்கு நடந்து வந்தார்கள். வந்தவர்களைத் தங்கவைத்து, கால்களைக் கழுவி, உணவு கொடுத்து அனுப்ப ஒரு சகோதர சபையே இருந்தது. 1548-இல் அதைத் தொடங்கிவைத்த புனித பிலிப்பு நேரிதான் ஏழு ஆலயங்களையும் நடந்தே சுற்றிவரும் பழைய பக்தி முயற்சிக்குப் புத்துயிர் கொடுத்தவர். பேதுரு, பவுல், செபஸ்தியார், லாத்தரன் யோவான், திருச்சிலுவை, லாரன்ஸ், மரியா மேஜர். எல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. பவுல், செபஸ்தியார், லாரன்ஸ் ஆலயங்கள் மூன்றும் நகரமதிலுக்கு வெளியே இருக்கின்றன.

இந்த நடையைத்தான் லாஃப்ரேரியின் படம் ஒரே தாளில் காட்டுகிறது. வீடுகளும் தெருக்களும் பெரும்பாலும் காணாமல் போய், மதிலும் ஆறும் ஆலயங்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பேதுரு கையில் திறவுகோலோடும் பவுல் வாளோடும் தத்தம் ஆலயத்துக்கு முன்னால் பெரிதாக நிற்கிறார்கள். அவர்கள் முன் திருப்பயணிகள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அளவு, தூரம் எதுவும் வரைபடக் கணக்குக்கு ஒத்துவராது. நடந்துவந்த ஒருவரின் மனதில் ரோம் எப்படிப் பதிந்திருக்குமோ, அப்படியே இருக்கிறது. ஒரு பதிப்பாளர் வியாபாரத்துக்காகப் போட்ட தாளில் இவ்வளவு பக்தி இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது.

சரி, ஓரத்துக்கு வருவோம். இந்தப் படம் செப்புத்தகட்டில் பிறந்தது. தகட்டில் கோடுகளைக் குழிவாக உண்டாக்கி, குழிக்குள் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தள்ளும்போது, தாள் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்து படத்தைச் சுற்றி மெல்லிய பள்ளமாக நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் தெளிவாகத் தெரியும். இது செப்புத்தகட்டு அச்சு என்பதற்கு முக்கியமான சாட்சி அந்தப் பள்ளம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்தால் முதலில் போவது அதுதான்.

ஓரத்தோடு பல சமயம் எழுத்தும் போய்விடும். பதிப்பாளர் பெயர், ஆண்டு எல்லாம் பெரும்பாலும் அடியில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். 1577-இல் லாஃப்ரேரி இறந்ததும் அவருடைய தகடுகள் உறவினர்களுக்குப் பிரிந்துபோயின. கைமாறிய தகட்டில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப்பெயரைச் செதுக்கி மறுபடி அச்சிடுவது அன்றைய வழக்கம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், கையிலிருக்கும் தாள் எந்தத் தலைமுறையில் அச்சானது என்று சொல்வது மிகவும் கடினம். நடுவில் உள்ள மடிப்பையும் அழிக்கப் பார்க்காதீர்கள். லாஃப்ரேரியின் கடையில் ரோம் படங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கி, அவரவர் விருப்பப்படி தொகுப்பாகக் கட்டிவைப்பார்கள். மடிப்பு அப்படிப்பட்ட தொகுப்பில் இருந்ததன் தடமாக இருக்கலாம்.

அன்றைய காகிதம் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. மை, கரியையும் எண்ணெயையும் குழைத்தது. இரண்டும் நானூறு வருடம் தாண்டி வரக்கூடியவை. செல்லோ டேப் சில வருடங்களிலேயே தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகிவிடும். அதை முழுசாக எடுப்பது எங்களுக்கே கடினம். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சேதமாகாமல் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கிழிசல் இருந்தால் அப்படியே அமிலமில்லாத காகித உறைக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். நாங்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டுவோம். வேண்டுமென்றால் நாளைக்கே ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். மாட்டியே தீர வேண்டுமென்றால் வெயில் படாத சுவராகவும், 50 லக்ஸுக்கு மிகாத வெளிச்சமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது.

வாங்கப்போகிறவர்களுக்கு: லென்ஸ் வைத்துப் பாருங்கள். படம் முழுக்கச் சின்னச்சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய தாளில் நெருக்கமான கோடுகள் தெரிய வேண்டும். படத்துக்குள்ளேயும் துப்பு உண்டு. பேதுரு பேராலயத்தின் குவிமாடம் 1590-இல்தான் முடிந்தது. எகிப்தியக் கல்தூண் 1586-இல்தான் பக்கவாட்டிலிருந்து ஆலய முகப்புக்கு வந்தது. 1575 என்று விற்கிற படத்தில் தூண் முகப்பில் நின்றால் பணத்தை எடுக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகம் லாஃப்ரேரியின் ரோம் படங்களின் பெரிய தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுவிட்டு விலை பேசுங்கள்.