சினாம்பா: சொல்லும் பொருளும் தமிழ் நிகரும்

மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளில், கரையோர ஆழமில்லாத நீர்ப்பரப்பை வேலியிட்டு வளைத்து, அதற்குள் நீர்த்தாவரங்களையும் ஏரிச் சேற்றையும் மாறி மாறி அடுக்கி, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பயிரிடும் நீண்ட குறுகலான விளைநிலமே சினாம்பா. அஸ்டெக் மக்களின் தலைநகரமான தெனோச்தித்லானுக்குச் சோறிட்ட நிலம் என்று இதைச் சொல்வது மிகையாகாது. தமிழில் இதற்கு வழங்கும் பெயர் பெரும்பாலும் ‘மிதக்கும் தோட்டம்’ என்பதே. கேட்பதற்கு அழகாக இருந்தாலும் இந்தப் பெயர் பொருளைத் தவறாகக் காட்டுகிறது. சினாம்பா மிதப்பதில்லை, ஏரியின் அடித்தரையில் அழுத்தமாக அமர்ந்திருக்கிறது. அதை அங்கே அமரவைக்க மனிதர்கள் பட்ட பாட்டைத்தான் சினாம்பா என்ற சொல்லே தன்னுள் வைத்திருக்கிறது.

சொல் நாவாட்ல் மொழியைச் சேர்ந்தது. அஸ்டெக்குகள் பேசிய அம்மொழியை மெக்சிகோவில் இன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். ‘சினாமிட்ல்’ என்றால் நாணல், மூங்கில் போன்ற தண்டுகளைப் பின்னிக் கட்டிய வேலி. 1571-இல் மெக்சிகோ நகரில் அச்சான தம் அகராதியில் அலோன்சோ தெ மோலினா என்னும் பிரான்சிஸ்கன் துறவி இதற்கு ‘நாணல் தட்டைகளால் ஆன வேலி அல்லது அடைப்பு’ என்றே பொருள் எழுதியிருக்கிறார். நம் ஊர்களில் கொல்லைக்கு ஓலையாலோ முள்ளாலோ பின்னி நிறுத்தும் படல் இதற்கு மிக நெருங்கிய பொருள். நாவாட்ல் பெயர்ச்சொற்களின் இறுதியில் வரும் ‘ட்ல்’ என்ற ஒட்டு, வேறொரு உருபு சேரும்போது விழுந்துவிடும். ‘பன்’ என்பது ‘மேல்’, ‘இடத்தில்’ என்னும் பொருள்தரும் இட உருபு. இவ்விரண்டும் சேர்ந்து ‘சினாம்பன்’ ஆயிற்று. ஸ்பானியர் வாயில் இறுதி மெய் தேய்ந்து ‘சினாம்பா’ ஆனது. ஆகவே சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘வேலியடைப்பின் மேல் உள்ள இடம்’ என்பதாகும். வயலைக் குறிக்கும் ‘மில்லி’ என்ற சொல்லோடு இதே உருபு சேர்ந்ததால்தான், மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் கலந்து விதைக்கும் நிலத்துக்கு ‘மில்பா’ என்ற பெயர் வந்தது. சினாம்பா வேளாண்மையின் தலைமையிடமான சொச்சிமில்கோவின் பெயரிலும் அந்த ‘மில்லி’ இருக்கிறது. ‘பூவயல் உள்ள இடம்’ என்பது அதன் பொருள்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். முதலெழுத்தைச் ‘சிறகு’ என்பதில் வரும் மெல்லிய ஒலியோடு சொல்லாமல், ‘பச்சை’ என்பதில் கேட்கும் வல்லொலியோடு சொல்ல வேண்டும். தமிழ் மரபில் மொழிமுதலில் ஒற்று வராது என்பதால் எழுத்தில் அதைக் காட்ட முடியவில்லை. வாய்விட்டுப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படியொரு நிலத்தை ஏன் உருவாக்க வேண்டியிருந்தது என்பதை அந்த இடத்தின் இயல்பே சொல்கிறது. மெக்சிகோ பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ, நீர் வெளியேற இயற்கையான வழியின்றி இருந்தது. சும்பாங்கோ, ஹால்தோகான், தெஸ்கோகோ, சொச்சிமில்கோ, சால்கோ என ஐந்து ஏரிகள் அங்கே ஒன்றோடொன்று தொடர்ந்து கிடந்தன. எல்லாவற்றிலும் தாழ்ந்த தெஸ்கோகோவில் உப்பு சேர்ந்து நீர் கரித்தது. தெற்கே சற்று உயரத்தில் இருந்த சொச்சிமில்கோவும் சால்கோவும் ஊற்றுகளால் நிரம்பியதால் நன்னீராக இருந்தன. ஐப்பசிக்குமேல் மழையும் நின்று உறைபனியும் தொடங்கிவிடும் அந்த உயரத்தில், மானாவாரி நிலம் ஆண்டின் பாதிக்கு வெறுமையாகக் கிடக்கும். நன்னீர் ஏரிக்குள் உயர்த்திய நிலத்துக்கு இரண்டு தொல்லையும் குறைவு. சுற்றிலும் உள்ள கால்வாய் நீர் கசிந்து வேருக்கு ஏறும். பகலில் நீர் வாங்கிய வெப்பம் இரவில் பனியைத் தணிக்கும்.

கட்டும் முறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். முதலில் நீரின் ஆழத்தைக் கழியால் தொட்டுப் பார்த்து, மேடாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, நீள்சதுரமாக முளைகளை அடித்து இறக்குவார்கள். முளைகளுக்கு இடையே நாணலையும் கொம்புகளையும் பின்னினால் வேலி எழும், அதுவே சினாமிட்ல். ஏரியின் மேற்பரப்பில் சம்பும் கோரையும் பிற நீர்த்தாவரங்களும் வேரோடு வேர் பிணைந்து கனத்த பாய்போலப் படர்ந்திருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஓடத்தில் கட்டி இழுத்து வந்து, வேலிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே ஏரி அடியிலிருந்து அள்ளிய சேற்றைப் பரப்புவார்கள். அடுக்கு கனத்து அமிழ்ந்து தரையைத் தொட்டு, பிறகு நீருக்கு மேலே எழும்வரை இது தொடரும். கடைசியில் ஓரங்களில் ‘அவெஹோத்தே’ என்ற மரத்தின் போத்துகளை நடுவார்கள். வில்லோ இனத்தைச் சேர்ந்த இம்மரத்தின் நாவாட்ல் பெயரிலேயே ‘நீர்’ என்ற சொல் உண்டு. அதன் வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிளைகள் அகலப் படராமல் மேல்நோக்கியே எழுவதால் பயிரின்மேல் நிழல் விழுவதும் குறைவு. பின்னிய வேலி காலப்போக்கில் மட்கிப்போனாலும், அதன் வேலையை இந்த உயிர்வேலி ஏற்றுக்கொள்ளும். வேலியில் பிறந்த பெயர் நிலத்துக்கு நிலைத்துப் போனதில் வியப்பில்லை.

நாற்று விடும் முறை இதைவிட நுட்பமானது. நீண்ட கழியின் முனையில் பையைக் கட்டிய ஒரு கருவி உண்டு. ‘சேற்றுக் கை’ என்று பொருள்படும் ‘சோக்கிமைட்ல்’ என்பது அதன் பெயர். ஓடத்தில் நின்றபடி அதைக் கால்வாயின் அடியில் விட்டு, நொய்ந்த கரிய சேற்றை அள்ளி, கரையோரம் ஒரு பாத்தியில் சில விரற்கடை கனத்துக்குப் பரப்புவார்கள். சேறு வெட்டுக்கு நிற்கும் பதத்துக்கு இறுகியதும், கத்தியால் நெடுக்கும் குறுக்குமாகக் கீறிச் சிறு சதுரங்களாக்குவார்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் விரலாலோ குச்சியாலோ குழியிட்டு, விதை போட்டு, மட்கிய எருவைத் தூவி மூடுவார்கள். பனிக்காலமானால் மேலே கோரை மூடாக்கும் உண்டு. ‘சப்பின்’ எனப்படும் இந்தச் சேற்றுக்கட்டி நாற்று, வேர் அறுபடாமல் அப்படியே பெயர்த்து நடப்படும். பழைய பயிர் அறுவடையாகும் முன்பே அடுத்த பயிரின் நாற்று அருகில் ஆயத்தமாக இருப்பதால்தான் ஒரே நிலத்தில் ஆண்டுக்குப் பல போகம் எடுக்க முடிந்தது. சேறு அள்ளுவது ஒரே நேரத்தில் நிலத்துக்கு உரமாகவும் கால்வாய்க்குத் தூர்வாரலாகவும் அமைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த முறை இன்றும் சொச்சிமில்கோவில் உயிரோடிருக்கிறது.

இந்நிலங்களில் மக்காச்சோளம், அவரை, பூசணி, கீரைத்தண்டு இனத்தைச் சேர்ந்த தானியமான ‘வாவ்த்லி’, சியா, மிளகாய், தக்காளி, பூக்கள் ஆகியவை விளைந்தன. சுமை இழுக்கும் விலங்கும் வண்டியும் இல்லாத அந்த நாட்டில், விளைச்சலை ஓடத்தில் ஏற்றி நேரே சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது பெரிய வாய்ப்பு. தெனோச்தித்லான் 1325-இல் தெஸ்கோகோ ஏரியின் தீவொன்றில் தொடங்கியதாக மரபு. ஸ்பானியர் 1519-இல் வந்தபோது அங்கே ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சினாம்பாக்கள் அஸ்டெக்குகளுக்கு முன்பே அந்த ஏரிகளில் இருந்தவை என்றாலும், அவற்றைப் பேரளவில் விரிவாக்கியது 15-ஆம் நூற்றாண்டின் அஸ்டெக் ஆட்சியே. 1427 முதல் 1440 வரை ஆண்ட இட்ஸ்கோவாட்ல் சொச்சிமில்கோவை அடக்கிய பிறகுதான் தெற்கு ஏரிகள் தலைநகரின் களஞ்சியமாயின. 1449-இல் நேர்ந்த பெருவெள்ளத்தைத் தொடர்ந்து, தெஸ்கோகோ மன்னர் நெசாவல்கோயோட்ல் வகுத்த திட்டப்படி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீள அணைகரை எழுந்தது. அது வெள்ளத்தைத் தடுத்ததோடு, உப்புநீர் நகரத்தின் பக்கம் வராமலும் காத்தது. சால்கோ, சொச்சிமில்கோ ஏரிகளில் மட்டும் ஏறக்குறைய 9,000 ஹெக்டேர் சினாம்பா நிலம் சாகுபடியில் இருந்ததாகக் கணிப்புகள் உண்டு.

அப்படியானால் ‘மிதக்கும்’ என்ற அடைமொழி எங்கிருந்து வந்தது? அஸ்டெக்குகளின் சொந்த மரபுக் கதை ஒன்று இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அவர்கள் அஸ்கபொத்சால்கோ அரசுக்குத் திறை செலுத்திவந்த காலத்தில், பயிர் விளைந்து நிற்கும் தெப்பம் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவர வேண்டும் என்று அந்த மன்னன் கட்டளையிட்டான். அதை நிறைவேற்றிய பிறகு, அடைகாக்கும் வாத்தும் நாரையும் அதே தெப்பத்தில் வர வேண்டும் என்றான். ஒடுக்கப்பட்ட மக்களின் ஆற்றலைச் சொல்லும் கதை இது; அன்றாட வேளாண்மையைச் சொல்வதன்று. 1590-இல் வெளியான நூலில் ஹொசே தெ அகோஸ்டா என்னும் இயேசு சபைத் துறவி நீரில் நகரும் தோட்டங்களைப் பற்றி எழுதினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெக்சிகோவில் பிறந்த இயேசு சபைத் துறவி கிளாவிஹெரோ இத்தாலிய மொழியில் எழுதிய மெக்சிகோ வரலாறு அதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. 1803-இல் மெக்சிகோ வந்த ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் நிலையானவை, மிதப்பவை என இருவகை கூறினார். கட்டுமானத்துக்காக இழுத்து வரப்பட்ட தாவரப் பாய்களைக் கண்டவர்கள் தோட்டமே மிதந்து வருவதாக எண்ணியிருக்க வாய்ப்பு மிகுதி. மிதந்தது கட்டுமானப் பொருள். கட்டிமுடித்த நிலம் அசையாதது. பெட்ரோ அர்மில்லாஸ் என்னும் தொல்லியலாளர் வான்படங்களையும் களஆய்வையும் கொண்டு 1971-இல் வெளியிட்ட ஆய்வு, ஏரிப்படுக்கையில் வரிசை மாறாமல் நிலைத்துக் கிடக்கும் நிலங்களின் பரப்பையே காட்டியது.

இனித் தமிழ்ப் பெயர். ‘மிதவைத் தோட்டம்’ என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. காஷ்மீரின் தால் ஏரியிலும் மியன்மாரின் இன்லே ஏரியிலும் உண்மையாகவே மிதக்கும் தோட்டங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அது பொருந்தும். ‘செயற்கைத் தீவு’ என்பது மிகப் பொதுவானது; துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்த இடத்துக்கும் அதே பெயர்தான். ‘மேட்டுப்பாத்தி’ கட்டமைப்பில் நெருங்கி வந்தாலும் நீரைச் சொல்லவில்லை. தோட்டக்கலையில் அதற்கு ஏற்கெனவே வேறு வழக்கும் உண்டு. ‘நீர்ப்படப்பை’ என்றும் ஒரு சொல் அமைக்கலாம். வீட்டையும் ஊரையும் அடுத்த தோட்டத்தைச் சங்கப் பாடல்கள் படப்பை என்கின்றன. தெனோச்தித்லானில் வீட்டை ஒட்டியே இருந்த சிறு சினாம்பாக்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் இன்று படப்பை என்றால் சென்னைக்கு அருகிலுள்ள ஊரோ தெற்கே வைக்கோல் படப்போ நினைவுக்கு வருவதால், பொதுவழக்குக்கு அதைப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது.

‘வேலிப்படுகை’ என்பதே தகுந்த நிகர் என்று கருதுகிறேன். ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து, நீரை ஒட்டி வளமாகக் கிடக்கும் விளைநிலத்தைப் படுகை என்று காவிரிக்கரை உழவர்கள் சொல்வார்கள். ஆறு செய்யும் அந்த வேலையை மனிதர் வேலி கட்டிச் செய்த இடம் வேலிப்படுகை. மூலச்சொல்லின் ‘வேலி’, ‘மேல் உள்ள இடம்’ என்னும் இரு உறுப்புகளும் இதில் முறையே அமைந்துவிடுகின்றன. படுகை இயற்கையாக உண்டாவது, மனிதர் கட்டியதற்கு அது எப்படிப் பெயராகும் என்று கேட்கலாம். மணத்தக்காளி, சிறுதக்காளி என்று நம் நாட்டுச் சிறு கனிகளுக்கு வழங்கிய தக்காளி என்ற பெயரைத்தான், மெக்சிகோவிலிருந்து வந்த சிவப்புக் கனிக்கும் தமிழர் நீட்டித்தார்கள். அடைமொழி சேர்ந்தால் சோளம் மக்காச்சோளமாவது போல, படுகையும் வேலிப்படுகை ஆகலாம்.

ஓர் எச்சரிக்கை தேவை. தஞ்சைப் பகுதியில் ‘வேலி’ என்பது நில அளவும் ஆகும். 20 மா கொண்டது ஒரு வேலி, ஏறத்தாழ 6⅔ ஏக்கர். ஆகவே ‘ஒரு வேலிப்படுகை’, ‘இரண்டு வேலிப்படுகை’ என்று எண்ணோடு சேர்த்து எழுதும் இடங்களில் அளவோடு குழம்பாதிருக்க ‘வேலிப்படுகைகள் இரண்டு’ என எழுதுவது நல்லது. நாவாட்ல் சொல்லும் இப்படியொரு வழியில் பொருள் விரிந்ததுதான்: குவாத்தமாலாவின் மேட்டுநில மாயா மக்கள் அதைக் கடன்வாங்கி, ஒரே எல்லைக்குள் வாழும் குடிக்குழுவைச் ‘சினாமித்’ என்றார்கள்.

வரலாற்று நூலிலும் பாடநூலிலும் முதன்முறை வரும் இடத்தில் ‘சினாம்பா எனப்படும் வேலிப்படுகை’ என்று எழுதி, பின்னர் இரண்டில் எதையும் வழங்கலாம். யுனெஸ்கோ 1987-இல் மெக்சிகோ நகரின் வரலாற்று மையத்தோடு சேர்த்து உலக மரபிடமாக அறிவித்த சொச்சிமில்கோவைப் பற்றி எழுதும்போது, அங்குள்ள நிலங்களைக் குறிக்கச் சினாம்பா என்றே எழுதுவது முறை. அது இடத்தோடு ஒட்டிய பெயர். அவ்வூர் ஊற்றுநீர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மாநகருக்கு எடுக்கப்பட்டதால், இப்போது அந்தக் கால்வாய்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரே விடப்படுகிறது. அஸ்டெக்குகள் உணவாகக் கொண்ட ஆஹோலோட்ல் என்னும் நீர்வாழ் உயிரி, இயற்கைச் சூழலில் எஞ்சியிருப்பது அக்கால்வாய்களில் மட்டுமே. அவற்றில் சேறு அள்ளிப் பயிரிடுபவரை ஸ்பானிய மொழியில் ‘சினாம்பேரோ’ என்கிறார்கள். தமிழில் அவரைப் ‘படுகை உழவர்’ எனலாம்.